வஞ்சிரம் வீட்டு ஆன்ட்டி

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பயம்தான், வேறென்ன. செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் பெயரை எழுதி, முன்னால் 'மிஸஸ்' போட மறந்துவிட்டேன் என்று வையுங்கள், கல்லறையிலிருந்து எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். "மேனர்ஸ் எங்க போச்சு?" என்று கேட்பார். ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டது. அக்கா என்றால் திரும்ப மாட்டார். அத்தை என்றால் முறைப்பார். காய்கறி வண்டிக்காரர் ஒருநாள் தெரியாத்தனமாக 'யம்மோவ்' என்று கூப்பிட்டுவிட்டார். அதற்கு இரண்டு மாதம் அவரிடம் ஒரு கட்டு கொத்தமல்லிகூட வாங்கவில்லை.

பாருங்கள், என் அம்மாவை 'வந்தாள், போனாள்' என்று எழுதப்போகிறேன். ஆன்ட்டியை மட்டும் 'வந்தார், போனார்'. என் அம்மா பெற்றவள், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆன்ட்டி கோபித்துக்கொள்வார்.

அவருக்கு உலகத்தில் ஒரே அளவுகோல்தான். அதன் பெயர் ஸ்டாண்டர்டு. அதை மீன் கணக்கில் வைத்திருந்தார். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன். சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர் வீடு வவ்வால் வீடு. ரயில்வேக்காரர்கள் எல்லாம் சங்கரா. வாடகைக்கு வந்து வருஷத்துக்கு ஒருதரம் மாறிப் போகிறவர்கள் பொடிமீன் காரப்பொடி. அவர் வீடு மட்டும் வஞ்சிரம், மீனில் ராஜா. இதில் கூத்து என்னவென்றால், மீன் பிடித்து, மீன் விற்று, மீன் வாசத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் எந்த மீனையும் ஒதுக்கவில்லை. கேட்டதற்கு, "அவங்க விக்கிறவங்க. விக்கிறவங்க வேற, வாங்கறவங்க வேற" என்றாராம்.

என் அப்பா விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவார். வீட்டில் எல்லா முடிவும் அம்மாதான். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் தொண்டையைத் திறந்தால் எண்ணூர் வரைக்கும் கேட்கும். அந்த அம்மாவிடம்தான் வஞ்சிரம் வீட்டு ஆன்ட்டி சனிக்கிழமைதோறும் பின்வாசல் வழியாக வருவார், கையில் மடித்த துணிப்பை. வாங்குவது கவலை மீன், இருப்பதிலேயே மலிவானது. அதுவும் எப்படி? "நாய்க்கு வேணும்" என்று.

ஆன்ட்டி வீட்டில் நாய் கிடையாது. நாய் வளர்க்கும் வீட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அம்மா ஒன்றும் தெரியாதவள் போல மீனை அள்ளிப் பையில் போடுவாள்.

"நாய் நல்லா கீதா ஆன்ட்டி?"

"ம். ஃபைன்."

"வறுத்துக் குடுக்கறப்ப எலுமிச்ச புழிஞ்சி குடுங்க. உங்க நாய்க்கு ரொம்ப புடிக்கும்."

ஆன்ட்டி பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு போவார். அவர் முக்கு திரும்பும்வரை அம்மா சிரிப்பை அடக்கிவைத்திருப்பாள். ஆனால் ஒரு சனிக்கிழமைகூட மீனைக் குறைத்துப் போட்டதில்லை.

அவருடைய வீட்டுக்காரர் போர்ட்டில் கிளார்க்காக இருந்து மாரடைப்பில் போனவர். பாவம், நல்ல மனிதர், டை கட்டிக்கொண்டு ஒரு போட்டோவில் மாட்டியிருந்தார். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் கிளார்க்தான். செத்த அடுத்த வருஷம் ஆன்ட்டி அவரை ஹெட் கிளார்க் ஆக்கினார். மகன் காலேஜ் முடித்த சமயத்தில் சூப்பரின்டென்டென்ட் ஆக்கினார். செத்த பிறகு இரண்டு ப்ரமோஷன் வாங்கிய ஆள் ராயபுரத்திலேயே அவர் ஒருவர்தான்.

வெள்ளம் வந்த வருஷம் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். குப்பத்து ஆட்கள் ஃபைபர் படகைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மாமாவுடைய படகுதான். எல்லோரும் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஏறினோம். ஆன்ட்டி மட்டும் வரவில்லை. மாமா கத்து கத்து என்று கத்தினார். கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பட்டுப்புடவை, கைப்பை, குடை. தண்ணீரில் நின்றுகொண்டே கேட்டார்: "இது யாரோட போட்டு?"

"எமனோட போட்டு. ஏறும்மா ஜல்தி!" என்றார் மாமா.

ஏறி, முன்பக்கத்தில் தனியாக உட்கார்ந்தார். கிறிஸ்துநாதர் கூட படகில் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார். ஆனால் கரையேறியதும் மாமாவிடம் திரும்பி, "தேங்க்யூ. ரொம்ப நீட்டா ஓட்டுனீங்க" என்றார். மாமா அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

இப்போது அந்த சீரியல் கதைக்கு வருகிறேன். அதில்தான் நான் மாட்டினேன்.

ஆன்ட்டியின் மகன் ஜெரால்டு பென் டிரைவில் ஒரு வெள்ளைக்கார சீரியல் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். இங்கிலாந்தில் அந்தக் காலத்துக் கதை. பெண்களெல்லாம் தலையில் குல்லாய் வைத்து நாடாவால் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஆண்கள் குதிரையிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாகவே இருப்பார்கள். வேறு வேலை ஒன்றும் தெரியவில்லை. சிரிப்புக் கதைதான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆன்ட்டி வீட்டில் ஷோ. தெருப்பெண்கள் ஏழெட்டு பேர் தரையில். ஆன்ட்டி நாற்காலியில், சாசரில் வைத்த டீக்கோப்பையோடு. படம் இங்கிலீஷில் ஓடும், ஆன்ட்டி தமிழில் ஓடுவார்.

கதை இதுதான். ஒரு பிரபு வீடு. பெரிய மாளிகை, ஆனால் கூரை ஒழுகுகிறது. சாப்பாட்டு மேஜையில் ஆளுக்குப் பன்னிரண்டு கரண்டி, தட்டில் ஒரே ஒரு உருளைக்கிழங்கு. அந்த வீட்டுப் பையனுக்கு ஊரில் மெழுகுவத்தி வியாபாரம் செய்கிறவர் பெண்மேல் ஆசை. வியாபாரி வீட்டில் துட்டு கொட்டிக்கிடக்கிறது, குலம் இல்லை. பையனுடைய அம்மா குறுக்கே படுத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

"இந்தப் பையன் வஞ்சிரம்," என்பார் ஆன்ட்டி. "இந்தப் பொண்ணு இருக்கா பாரு, அவ..."

"மெழுவத்தி விக்கிறவ," என்று எடுத்துக்கொடுப்பாள் ஒருத்தி.

"கரெக்ட். விக்கிறவ."

"அவன் வூட்ல சோத்துக்கே வழி இல்லியே ஆன்ட்டி. கட்டிக்கினா இன்னா?"

"சோறு யாருக்கு வேணும்? ஃபேமிலின்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

பையனுடைய அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆன்ட்டிக்கு ஆவேசம் வந்துவிடும். திரையில் அந்தம்மாள் இரண்டு வார்த்தை சொன்னால் இவர் இருபது வார்த்தை சொல்வார். நான் அப்போது பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்தேன். அந்தம்மாள் "மழை வரும்போல இருக்கிறது" என்று சொன்னதை ஆன்ட்டி, "எங்க பரம்பரைக்கு ஒரு மரியாதை இருக்கு, அத நீ கெடுக்காத" என்று மொழிபெயர்த்ததை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க மெழுகுவத்திப் பெண் கட்சி. நாற்காலி மட்டும் எதிர்க்கட்சி.

கடைசிப் பகுதி வந்தது. அந்தச் சனிக்கிழமை தெருவே கூடிவிட்டது. பாதியில் பட்டென்று டிவி அணைந்தது. "கரண்ட் போச்சு" என்றார் ஆன்ட்டி. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முடிவை அவரே வாயால் சொன்னார்: பையன் ஒரு ஜமீன் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டானாம், மெழுகுவத்திப் பெண் கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்துவிட்டாளாம். தரையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊர்க் கதையில் மடம் எங்கிருந்து வந்தது? வாசலில் ஜெரால்டைப் பிடித்து, அந்தப் பென் டிரைவைக் கொடு என்றேன்.

பார்த்தேன். மடமும் இல்லை, மண்ணும் இல்லை. பையன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொள்கிறான். அவன் அம்மா கல்யாணத்தில் ஆடுகிறாள். அடுத்த நாள் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்கம்மா இன்னா இப்டி டபாய்க்கறாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு முடிவு தெரியும் ரீட்டா," என்றான். "தனியா மூணு வாட்டி பாத்துட்டாங்க. மூணு வாட்டியும் அழுதாங்க."

எனக்கு அவன்மேல் ஆசை வந்தது அந்தப் பதிலில்தான் என்று நினைக்கிறேன். அம்மாவைக் காட்டிக்கொடுத்தான், ஆனால் கேலியாகச் சொல்லவில்லை. அப்புறம் பென் டிரைவ் போவதும் வருவதுமாக ஒரு வருஷம் ஓடியது. அவன் எண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுடைய மேனேஜர் ஒரு சிடுமூஞ்சி, வயிற்றுப்புண்காரர், அவரால் இவனுக்குத் தினமும் பேஜாரு. அந்த மேனேஜர் வயிறு குணமாகவேண்டும் என்று நான் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லியிருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்க வேண்டியிருக்கும்.

விஷயம் ஆன்ட்டி காதுக்குப் போனது. அவர் என்னிடம் வரவில்லை. ஒருநாள் காலை ஆறரை மணிக்கு, ஏலம் உச்சத்தில் இருக்கும்போது, காசிமேட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் செருப்பு, குடை, மூக்கில் கைக்குட்டை. நான் அன்றைக்கு அம்மாவுக்கு உதவியாக அங்கேதான் நின்றிருந்தேன். ஐஸ் உருகிய தண்ணீரில் செருப்பு சளக் சளக் என்று சத்தம் போட, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்றார்.

"உங்ககிட்ட தனியா பேசணும்."

"தனியாவா? இங்க ஏது தனியா? பேசு ஆன்ட்டி, காது சும்மாத்தான் கீது," என்ற அம்மா, சங்கராக் குவியலைக் காட்டி ஏலத்தைத் தொடர்ந்தாள்.

"உங்க டாட்டர் என் சன்கிட்ட பழகறது எனக்குப் பிடிக்கல."

"எனுக்கும்தான் புடிக்கல. உன் புள்ள ஒல்லியா கீறான்."

"இதுல ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருக்கு."

அம்மா குவியலை ஒருத்தருக்கு முடித்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள். "ஸ்டாண்டர்டா? எங்க கீது அது? கொண்டா இங்க, கூறு கட்டி ஏலம் வுடறேன். யாரு எடுக்கறாங்கன்னு பாப்போம்!"

சுற்றி நின்ற அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். ஆன்ட்டியின் முகம் சிவந்தது. கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. பிறகு அந்த வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத குரல் வந்தது.

"இன்னாமே, வாய் ரொம்ப நீள்து? கூறு கட்றியா? நான் முகத்துவாரக்குப்பத்துல பொறந்தவ. உனுக்கு முன்னாடி கூடை தூக்கனவ நானு! இன்னா நெனச்சிக்கினு கீற?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இருபது வருஷமாகத் தெருவில் ஒருவருக்கும் தெரியாத விஷயம். அவரே கேட்டுத் திடுக்கிட்டவர் போல வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டாள். "குந்து," என்றாள். டீ வரவழைத்தாள். சாசர் இல்லாத பேப்பர் கப் டீ. ஆன்ட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்.

"அங்கருந்து வர்றதுக்கு எனுக்கு எத்தினி வருசம் ஆச்சி தெர்யுமா?" என்றார் மெதுவாக. "பேச்ச மாத்தனேன், நடைய மாத்தனேன், சோத்த மாத்தனேன். இப்போ எம்புள்ள திரும்பி வந்து இங்கியே நிக்கணுமா?"

"நாங்க இன்னா, சேத்துலயா நிக்கறோம்?" என்றாள் அம்மா.

ஆன்ட்டி குனிந்து தன் வெள்ளைச் செருப்பைப் பார்த்தார். அது சேற்றில்தான் இருந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குக்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் ஒரு வாளித் தண்ணீர் எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன். அவர்மேல் கோபமாக இருக்க வேண்டியவள் நான்.

ஜெரால்டு மசியவில்லை. ரீட்டா இல்லை என்றால் கல்யாணமே வேண்டாம் என்று மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தான். ஆன்ட்டி இறங்கிவந்தார், அல்லது இறங்கி வந்ததுபோல் இருந்தார். கோயிலில் ஓலைக்குக் கொடுத்தோம். எங்கள் ஆட்களுக்கு இது தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் மாப்பிள்ளை பெண் விவரத்தை வாசிப்பார். இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்பார். எங்கள் கோயிலில் தொழிலையும் சேர்த்து வாசிப்பது வழக்கம். மாப்பிள்ளை பக்கத்துத் தாளை எழுதிக்கொடுத்தது ஆன்ட்டிதான்.

முதல் ஞாயிறு வாசித்தார்கள். "காலஞ்சென்ற துறைமுகக் கண்காணிப்பாளரின் மகன், தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளர்..." ஆன்ட்டியின் வீட்டுக்காரரோடு போர்ட்டில் வேலை பார்த்த கிழவர் ஒருவருக்கு அந்த இடத்தில் புரையேறியது. ஆன்ட்டி முதல் பெஞ்சில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் ஞாயிறு, வாசிக்கிற நேரம் முழுக்க அவர் இருமினார். "இந்தம்மா இன்னாவோ பண்ணப்போது," என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஊர் முழுக்க அதே பேச்சு. மூன்றாம் ஞாயிறு அவர் எழுந்து நிற்பார், மீன்காரி மகள் வேண்டாம் என்று சொல்வார். நான் வாரம் முழுக்கத் தூங்கவில்லை. என் கல்யாணம் ஒரு கிழவியின் இருமலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஞாயிறு ஆன்ட்டி பெஞ்சில் இல்லை. ஓலையும் வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்ததும் ஃபாதர் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆன்ட்டி அங்கே நின்றிருந்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு. ஜெரால்டு ஏற்கெனவே ஒரு மூலையில். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா ஒரு தடை சொல்றாங்க."

"இன்னா தடை?" என்று முந்தானையை இழுத்துச் செருகினாள் அம்மா. "எம்பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? சொல்லட்டும், மூஞ்ச பாத்து சொல்லட்டும்!"

ஆன்ட்டி காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் பொண்ணுக்கு என் சன் ஸ்டாண்டர்டு பத்தாது," என்றார்.

அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. நான் அதை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"எட்டு மாசமா அவனுக்கு வேலை இல்ல," என்றார் ஆன்ட்டி. "கம்பெனில நிறுத்திட்டாங்க. டெய்லி காலைல டிபன் கட்டிக் குடுக்கறேன். வண்டி எடுத்துட்டுப் போறான். திருவொற்றியூர் கடலாண்ட உக்காந்து சாப்ட்டுட்டு சாயங்காலம் வர்றான். தெரு பாக்கணும்னு கட்டிக் குடுத்தேன். என் தெருவுக்காக. ஆனா அந்தப் பொய்ய கோயில்ல வாசிக்கறாங்க. ரெண்டு வாட்டி கேட்டுக்கினு குந்திருந்தேன். மூணாவது வாட்டி என்னால ஆவல ஃபாதர்."

ஃபாதர் தர்மசங்கடமாகச் சிரித்தார். "இது திருச்சபை சட்டத்துல தடை இல்லம்மா."

"அப்போ உங்க சட்டத்த மாத்துங்க," என்றார் ஆன்ட்டி.

நான் ஜெரால்டைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவன் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் ஓங்கி ஒரு அறை. மாதா மன்னிப்பாள், அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது.

"அந்த மேனேஜர்?"

"அப்டி யாரும் இல்ல ரீட்டா."

"வயித்துப்புண்ணு?"

"அதுவும்தான் இல்ல."

இல்லாத மேனேஜரின் இல்லாத வயிற்றுக்கு ஒன்பது நாள் ஜெபம் சொன்னவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேலை போனதில் எனக்குக் கோபமே இல்லை. வேலை போகாத வீடு வடசென்னையில் எங்கே இருக்கிறது? என்னிடம் சொல்லாமல் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் தின்றானே, அதுதான் வலித்தது. கல்யாணம் இல்லை என்றேன். அழுதுகொண்டே சொன்னேன். அவனும் அழுதான். பின்னாலேயே வந்து நின்ற அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டத் தெர்யுமா?" என்று அவனைக் கேட்டாள்.

"தெரியும்."

"நாளிக்கி காலைல நாலு மணிக்கு காசிமேட்டாண்ட வா. ஒரு வருசம் ஓட்டு. பொய் சொல்லாம ஒரு வருசம் ஓட்ட முடிஞ்சா அப்பால பேசலாம்."

வந்தான். ஹோட்டல்களுக்கு மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிற குட்டியானை வண்டி. முதல்நாள் அவன் வந்த கோலத்தைப் பார்த்து ஹார்பரே சிரித்தது. இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஆன்ட்டி வேலை. வண்டியை வாரம் ஒருதரம் வாசனைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். அதற்குப் பிறகு இறால் பெட்டியைத் திறந்தால் முகப்பவுடர் வாசம் வருகிறது என்று ஒரு ஹோட்டல்காரர் புகார் சொன்னார். தெருவில் யாராவது கேட்டால், "சீ ஃபுட் லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கான்" என்று பதில். தெருவுக்கு அது என்ன என்று தெரியாது. பெரிய வேலைபோல என்று நினைத்துக்கொண்டது.

என்னோடு அவர் பேசவேயில்லை, மாதக்கணக்கில். பிறகு ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டு டீ கொடுத்தார். சாசரோடு. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கல்யாணத்த நிறுத்தத்தான அன்னைக்கி ஃபாதர்கிட்ட போனீங்க?"

"ஆமா. பின்ன?" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "ரெண்டு வாரம் யோசிச்சேன். உன்மேல சொல்றதுக்கு ஒரு குத்தம் கெடைக்குமான்னு துருவித் துருவிப் பாத்தேன். ஒண்ணியும் சிக்கல. இருந்த ஒரே குத்தம் என் வூட்ல இருந்துச்சி. அத்த சொல்லிட்டேன்."

"நிறுத்தறதுக்கா, எனக்காகவா?"

"ரெண்டுக்கும்தான். டீய குடி, ஆறிப்போது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனுஷியை என்ன செய்வது என்று கடைசிவரைக்கும் எனக்குத் தெரிந்ததில்லை. டீயைக் குடித்தேன்.

ஒரு வருஷம் முடிந்தது. அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வண்டியை இடித்ததைக்கூட அன்றைக்கே வந்து சொன்னான். என் கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. பழைய ஓலை காலாவதி ஆகிவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும் என்றார் ஃபாதர். கோயில் ஆபீசில் இருந்தவர் புதுத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. பழைய நோட்டில் இருந்ததையே மடமடவென்று நகல் எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசை. பெரிய கூட்டம். எங்கள் தெரு முழுக்க அங்கேதான். ஃபாதர் வாசித்தார்: "இந்தப் பங்கைச் சேர்ந்த ஜெரால்டு, தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளர்..."

முதல் பெஞ்சில் ஆன்ட்டி எழுந்து நின்றார்.

ஒரு குழந்தையின் அழுகையை யாரோ கையால் பொத்தினார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "போச்சிடா," என்றாள். இந்தத் தடவை மட்டும் இது நின்றுபோனால் நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன், எழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்தேன்.

"ஃபாதர், அது தப்பு," என்றார் ஆன்ட்டி. குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பி, பின்பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி சொன்னார். "எம்புள்ள மீன் வண்டி ஓட்றான். பொண்ணு வூட்டுக்குத் தெர்யும். சரியா படிங்க."

ஃபாதர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டி உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். ஃபாதர் ஓலையை முதலிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கி, அந்த இடம் வந்ததும் நிறுத்தி, "மீன் வண்டி ஓட்டுநர்" என்று வாசித்தார். அதைக் கேட்ட பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.